மேல் இருபது மீற்றர்

முகத்துவார மீன்பிடித் துறையில் படகுக்காரர் என்னை முதன்முதலாகப் பார்த்தபோது, எனக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"சேர் வரல்லியா மிஸ்?"

"இல்ல. எனக்கு முந்தி வந்த சேர் வேலைய விட்டுட்டு வெளிநாடு போயிட்டார். இனி ஒவ்வொரு மாசமும் நாந்தான் வருவேன்."

அவர் கை நீட்டி என் தோளில் தொங்கிய கருவிப் பையை வாங்கிக்கொண்டார். நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தேன். படகில் கால் வைக்கப் போனபோது அவர் பையோடு எனக்கும் படகுக்கும் நடுவில் வந்து நின்றார்.

"நீங்க இங்கனயே நில்லுங்க மிஸ். போட்டுல பொம்புள ஏறுற இல்ல."

"ஏன்?"

"எங்கட அப்பா காலத்துல இருந்தே இல்ல. ஏறினா அன்னைக்கி வலை வெறுமனே வரும். நம்பாட்டி விடுங்க. ஆனா போட்டு என்ட."

நான் பௌதிகவியலில் சிறப்புப் பட்டம் பெற்றவள். அந்த எரிச்சலில் அதை அவரிடம் சொல்லவும் செய்தேன்.

"அது நல்லந்தானே மிஸ்" என்றார் அவர், மிகவும் மரியாதையாக. "எங்கட மகளும் படிக்கிறா. அவளும் ஏறுற இல்ல."

களனி ஆற்றுக்கு அக்கரை ஹெந்தளையிலிருந்து வரும் இந்த மனிதரோடு வாதம் செய்ய முடியாது என்பது அன்றே விளங்கிவிட்டது. வேறு படகு பார்க்கலாம் என்று அலுவலகத்தில் கேட்டேன். பழகின ஆள், குறித்த இடத்துக்குத் தவறாமல் போகிறவர், அவரை மாற்ற வேண்டாம் என்றார்கள். அதனால் ஒரு வருடம் முழுக்க நான் விடியற்காலையில் துறைக்குப் போய்க் கருவியைக் கொடுத்துவிட்டு, மத்தியானம் போய் வாங்கிக்கொண்டு வந்தேன். கடலின் வெப்பத்தை அளக்கும் வேலைக்குச் சம்பளம் வாங்கிய நான், அந்தக் கடலில் ஒரு தடவைகூட மிதக்கவில்லை.

வேலை இதுதான். பூமியில் கூடிக்கொண்டு வரும் வெப்பத்தின் பெரும்பகுதி காற்றில் தங்குவதில்லை, கடலுக்குள் போகிறது. எவ்வளவு போகிறது, எந்த ஆழத்தில் தங்குகிறது என்று தெரியாமல் வருங்கால மழையைப் பற்றியோ புயலைப் பற்றியோ உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. நடுக்கடலில் இதற்கென்றே மிதவைகள் இருக்கின்றன. அவை தாமாக ஆழத்துக்கு இறங்கி, ஏறி வரும் வழியில் நீரின் சூட்டை அளந்து, மேலே வந்ததும் வானத்தில் சுற்றும் செய்மதிக்கு அனுப்பிவிடும். கரையோரத்தில் ஆழம் போதாது. அவை அங்கே வருவதில்லை. செய்மதிக்கோ கடலின் மேல்தோல் மட்டும்தான் தெரியும். அதற்குக் கீழே, கரைக்கும் ஆழ்கடலுக்கும் இடையில் இருக்கும் துண்டு யாருடைய கணக்கிலும் சரியாக இல்லை. கொழும்புக்கு நேரே உள்ள அந்தத் துண்டில், ஒரே இடத்தில், மாதாமாதம் ஒரு கருவியைக் கயிற்றில் இறக்கி அளப்பது எங்கள் நிறுவனத்தின் திட்டம். திட்டம் என்றால் ஏதோ பெரிதாக நினைக்க வேண்டாம். நான், என் மேலதிகாரி, படகுக்காரர், முழங்கை நீளத்தில் தடித்த பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு கருவி. அவ்வளவுதான்.

வருட முடிவில் மீளாய்வுக் கூட்டம். அந்த ஒரு வருட அளவீடு செல்லும் என்று கூட்டம் ஒப்புக்கொண்டால் திட்டம் தொடரும், தற்காலிகமாக இருக்கும் என் வேலை நிரந்தரமாகும். ஒப்புக்கொள்ளாவிட்டால் இரண்டும் போய்விடும்.

எங்கள் வீட்டில் அந்த வேலைக்கு இருந்த மதிப்பை நான் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பா கொச்சிக்கடைக் களஞ்சியங்களில் மூட்டை தூக்குகிறவர். அம்மா தேயிலைத் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு வந்து, பிறகு வெள்ளவத்தை மாடி வீடுகளைத் துடைத்தே என்னைப் படிக்கவைத்தவர். இருவரும் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தது என் பரிசளிப்பு விழாக்களுக்கு மட்டும்தான். கொட்டாஞ்சேனையில் எங்கள் முடுக்கில் யார் வந்து கேட்டாலும் அம்மா, "எம்மக கடல அளக்குறா" என்று சொல்லிவிடுவார். மேற்கொண்டு கேட்டால் என்னைக் கூப்பிடுவார்.

அம்மாவுக்கே அதில் ஒரு சந்தேகம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி முகத்திடலுக்குப் போய் வந்து, ஈரச் சேலை ஓரத்தைப் பிழிந்துகொண்டே கேட்டார்.

"ஏன் புள்ள, கடலு சூடாகுதுங்கிற. நா கால வச்சுப் பாத்தேன், நல்லா சில்லுன்னுதான இருக்கு?"

"காலுக்குத் தெரியாதும்மா."

"அப்ப எதுக்குத்தான் தெரியும்?"

நான் அடுப்பைக் காட்டினேன். சமையல் காஸுக்கு வரிசையில் நின்ற காலத்தை எங்கள் வீடு மறக்கவில்லை. "தேத்தண்ணிக்கு ஒரு கேத்தல் தண்ணி கொதிக்க வைக்கிறீங்க. அண்டா நெறைய தண்ணிய லேசா வெதுவெதுப்பா ஆக்குறீங்க. எதுக்குக் காஸ் கூடப் போகும்?"

"அண்டாவுக்குத்தான். இது தெரியாதா?"

"அந்த மாதிரித்தான். கடல் பெரிய அண்டா. சூடு கொஞ்சந்தான் ஏறும். ஆனா அதுக்குள்ள போன காஸ் கொஞ்சமில்ல."

அம்மா அடுப்பைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப யாரு இவ்வளவு காஸ வீணாக்குறது?" என்று கேட்டார். அதற்கு நான் பதில் சொல்லத் தொடங்கினால் சோறு ஆறிவிடும்.

கணக்கும் அந்த அண்டாக் கணக்குத்தான். ஒவ்வொரு மீற்றர் ஆழத்திலும் நீரின் சூட்டை அந்த நீரின் எடையாலும், நீரைச் சூடாக்க எவ்வளவு வெப்பம் வேண்டும் என்ற எண்ணாலும் பெருக்கி, மேலிருந்து கீழ்வரை கூட்ட வேண்டும். கடல்நீரின் எடை சாதாரணமானதல்ல. அதனால் கருவி துளியளவு பிழையாகக் காட்டினாலும், பெருக்கிக் கூட்டும்போது அந்தப் பிழையும் கடலளவு ஆகிவிடும்.

வருடம் முடிவதற்குள் படம் தெளிவாகிவிட்டது. செய்மதி காட்டியதைவிட எங்கள் கடல் குளிர்ந்திருந்தது. அடியில் எல்லாம் எதிர்பார்த்தபடி இருக்க, மேல் இருபது மீற்றர் மட்டும் குளிர்ந்து, மேலே போகப் போக இன்னும் குளிர்ந்து கிடந்தது. என் மேலதிகாரிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளவத்தையில் குடியிருக்கிறார், நல்ல படிப்பாளி.

"நீர் புதுசா ஒண்டு பிடிச்சிருக்கிறீர், பிள்ளை. களனி கங்கைத் தண்ணிதான் இது. ஆத்துத் தண்ணி குளிர், ஆனா உப்பில்லாதபடியால் பாரம் குறைவு. அதால தாழாமல் மேல நிக்குது. கூட்டத்தில இதைத்தான் நாங்கள் முதல்ல காட்டவேணும்."

குளிர்ந்த நீர் மேலே நிற்பதற்கு அது நியாயமான காரணம்தான். ஆறு துறைக்குப் பக்கத்திலேயே கடலில் விழுகிறது. மழைக் காலத்தில் கடல் தேத்தண்ணி நிறத்தில் கலங்கிக் கிடப்பதை நானே கரையில் நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் மழையே இல்லாத மாதங்களிலும் அதே குளிர் இருந்தது. ஆறு வற்றி நூலாக ஓடிய மாசியிலும் கோடு அப்படியே வளைந்திருந்தது. அதை அவரிடம் சொன்னேன்.

"நீர் ஏன் இவ்வளவு யோசிக்கிறீர்? ஒவ்வொரு மாசமும் ஒரே மாதிரி வருதெண்டால், அது உண்மை எண்டுதானே அர்த்தம்?"

ஒரே மாதிரி வருவதுதான் எனக்கு உறுத்தியது. கடல் எந்த மாதமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒரே மாதிரி இருப்பது நாம் செய்யும் வேலைதான்.

அடுத்த தடவை துறைக்குப் போனபோது, இன்றைக்கு நான் ஏறத்தான் வேண்டும் என்று படகுக்காரரிடம் சொன்னேன். கெஞ்சவில்லை. அலுவலகக் கட்டளை என்று குரலை உயர்த்திச் சொன்னேன். பக்கத்துப் படகில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

"மிஸ், நீங்க ஏறினா இவனுங்க எல்லாரும் பாக்குறானுங்க. நாளைக்கி மீன் படல்லன்னா என்னத்தான் சொல்லுவானுங்க."

"மீன் படாததுக்கு ஆயிரம் காரணம் இருக்கும்."

"அதுல ஒண்டா நீங்க ஏன் வரணும்?"

பக்கத்துப் படகில் ஒருவன் சிரித்தான். "அண்ணே, மிஸ்ஸ ஏத்து. மீன் படல்லன்னா மிஸ்ஸ வித்துருவோம்." எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. சிரித்தவனைப் படகுக்காரர் சிங்களத்தில் கெட்ட வார்த்தையால் திட்டினார். அவர் நல்ல மனிதர் என்பதுதான் என்னுடைய எரிச்சலை இன்னும் கூட்டியது. கெட்டவராக இருந்திருந்தால் புகார் எழுதிவிட்டு வேறு படகு கேட்டிருப்பேன்.

"அப்ப ஒண்டு செய்யுங்க" என்றேன். "போன்ல வீடியோ எடுங்க. மெஷின எடுக்குறதுல இருந்து தண்ணியில எறக்கி முடியிற வரைக்கும். எதையும் விடாதீங்க."

அவருக்கு அது பிடித்திருந்தது. "அது செய்வம் மிஸ். டீவில வருமா?"

வீடியோ அன்று மாலையே வாட்ஸப்பில் வந்தது. அப்பா வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தார், அம்மா இரவுச் சாப்பாட்டுக்குப் பாண் வெட்டிக்கொண்டிருந்தார். மூவரும் ஒரு போனைச் சுற்றித் தலையை ஒட்டிக்கொண்டு பார்த்தோம். படகுக்காரரின் மைத்துனர் எடுத்திருந்தார். கடல், வானம், படகின் மூக்கில் ஒட்டியிருந்த அந்தோனியார் படம், பிறகு படகுக்காரரின் முகம். அவர் செய்தி வாசிப்பவர் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இப்ப நாங்க மிஸ் சொன்ன இடத்துக்கு வந்துட்டம். இப்ப மெஷின எடுக்கப் போறம்."

படகின் நடுவில் வெள்ளை நுரைப் பலகையில் செய்த ஒரு பெரிய ரெஜிபோம் பெட்டி இருந்தது. மீன் போடும் பெட்டி. அவர் மூடியைத் திறந்தார். உள்ளே நொறுக்கிய ஐஸ். அதன் மேல் விரித்திருந்த ஈரச் சாக்கை ஒதுக்கிவிட்டு, வழியில் பட்ட இரண்டு பாரை மீன்களுக்குப் பக்கத்திலிருந்து என் கருவியை எடுத்தார். குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கைகளாலும் எடுத்து, கமராவுக்கு நேரே பிடித்துக் காட்டினார்.

"வெயில் கொஞ்சமும் படாமத்தான் கொண்டாந்தது. முந்தி வந்த சேர் சொன்னவர், வெயில்ல வச்சா மெஷின் சூடாகும், கணக்குப் பிழைக்கும் எண்டு. எங்கட போட்டுல நெழல் இருக்குறது இந்தப் பெட்டிக்குள்ள மட்டுந்தான்."

பிறகு அதைக் கயிற்றில் கட்டி நேராகக் கடலில் இறக்கினார்.

"பாத்தியா, எவ்வளவு பத்தரமா வச்சிருக்கான்" என்றார் அம்மா. "ஒன்னோட சாமான ஒனக்கே இப்புடி வச்சுக்கத் தெரியாது."

அப்பா என் முகத்தைப் பார்த்தார். "என்னா புள்ள? மீன் கூட வச்சா மெஷினு கெட்டுருமா?"

"மெஷின் கெடாது."

"பொறகு?"

வீடியோவை மறுபடி ஆரம்பத்திலிருந்து போட்டேன்.

ஐஸில் கிடந்த கருவியின் தடித்த உறை, கடலில் விழுந்த உடனே கடலின் சூட்டுக்கு வந்துவிடாது. உறைக்குள் இருக்கும் குளிர் போகும்வரை அது கடலை அளப்பதில்லை, பாரை மீன் பெட்டியை அளந்துகொண்டே இறங்குகிறது. இருபது மீற்றர் இறங்கும்போதுதான் பெட்டி அதை விட்டுப் போகிறது. இத்தனை மாதமும் இது எப்படித் தெரியாமல் போனது என்று நான் அன்றைக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு யோசித்தேன். அதற்கும் விடை இருந்தது. கருவி காற்றிலிருந்து நீருக்குள் போகும் முதல் சில மீற்றர் அளவுகளை எங்கள் கணினி தானாகவே வெட்டி எறிந்துவிடும். ஐஸின் குளிர் அப்பட்டமாகத் தெரிந்திருக்க வேண்டிய இடமே அதுதான். அங்கே வெட்டுப்பட்டு, மிச்சமாக வந்தது ஒரு மெல்லிய வளைவு, ஆற்றுத் தண்ணீர் என்று சொன்னால் நம்பும் அளவுக்கு.

ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. கருவி இறங்கும்போதும் அளக்கும், ஏறும்போதும் அளக்கும். ஏறி வருவதற்குள் அது கடலின் சூட்டுக்கு வந்திருக்கும். ஏறும்போது பதிந்த அளவுகள் இருந்தால் ஒரு வருடத்தையும் மீட்டுவிடலாம். மறுநாள் வேலைக்குப் போனதும் மேலதிகாரியின் மேசைக்கு முன்னால் போய் நின்று, ஐஸ் பெட்டியைப் பற்றிச் சொல்லி, ஏறும்போது எடுத்த அளவுகளைக் கேட்டேன்.

"ஏறேக்க எடுத்ததோ? அதை ஆர் வைச்சிருக்கிறது, பிள்ளை? ஏறேக்க கருவி தன்ர உடம்பாலேயே தண்ணியைக் கலக்கிக்கொண்டு வரும். அதால கணினி இறங்கேக்க எடுத்ததை மட்டும்தான் பிரிச்சு வைக்கிறது. எங்கையும் அதுதான் வழமை. மற்றதை அழிச்சுப்போட்டு அடுத்த மாசத்துக்கு இடம் விடுறது."

"அப்ப எதுவுமே இல்லையா?"

"கடைசி மாசம் மட்டும் இன்னும் கருவிக்குள்ள இருக்கும். நீர் இன்னும் அழிக்கேல்லையெண்டால்."

அழிக்கவில்லை. திறந்து பார்த்தேன். இறங்கும் கோடு வழக்கம்போல வளைந்திருந்தது. ஏறும் கோடு நேராக, சூடாக, கடலின் மேல்வரை வந்து நின்றது. அதற்கு மேல் ஆதாரம் தேவையில்லை. பன்னிரண்டு மாதத்தில் பதினொன்றின் மேல் இருபது மீற்றர் இனி யாருக்கும் கிடைக்காது. எல்லாரும் சரியாகத்தான் செய்திருந்தார்கள். வெயில் படாமல் வைத்தவர் சரி. முதல் மீற்றர்களை வெட்டிய கணினி சரி. ஏறுவதை அழித்த வழமை சரி. எனக்கு யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது, உலுக்குவதற்கு ஆள்தான் இல்லை.

கூட்டத்துக்கு முந்திய வாரம், விடுமுறை நாளில், மேலதிகாரி என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். வெள்ளவத்தையில், கடலுக்கும் ரயில் பாதைக்கும் நேரே எழும்பி நிற்கும் மாடிக் கட்டடம். வாசலில் காவலாளி என்னை மேலும் கீழும் பார்த்து, "வெடட்டத நங்கி?" என்றார், வேலைக்கா தங்கச்சி என்று. பின்பக்கத்து லிப்டைக் கையால் காட்டவும் செய்தார். அதே தெருவில் அம்மா எத்தனை கட்டடங்களுக்குப் பின்பக்கத்தால் ஏறியிருப்பார் என்பது எனக்குத் தெரியும். நான் சிங்களத்தில், வேலைக்குத்தான், ஆனால் முன்பக்க லிப்டில்தான் போவேன் என்று சொல்லிவிட்டு முன்பக்கத்தால் போனேன்.

மேலதிகாரியின் மனைவி தேத்தண்ணியும் கடிக்கப் பட்டிசும் கொண்டுவந்து வைத்தார். ஜன்னலுக்கு வெளியே கடல் வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது. மேலதிகாரி ஒரு தாளில் இரண்டு கோடுகள் கீறினார்.

"கடைசி மாசம் இறங்கினதுக்கும் ஏறினதுக்கும் எவ்வளவு வித்தியாசம் எண்டு உம்மட்டை இருக்குத்தானே. அந்த வித்தியாசத்தை எல்லா மாசத்துக்கும் கூட்டும். பிரச்சினை முடிஞ்சுது."

"சேர், ஒவ்வொரு மாசமும் ஐஸ் ஒரே மாதிரி இருந்திருக்காது. எவ்வளவு நேரம் உள்ள கெடந்துச்சு, கயிற எவ்வளவு வேகமா விட்டாங்க, ஒண்டும் தெரியாது."

"திருத்திறது பாவமெண்டு நினையாதையும். பழைய கப்பல்காரர் வாளியில கடல்தண்ணி அள்ளி அளந்தவங்கள். அளக்க முந்தியே வாளித் தண்ணி காத்துக்கு ஆறிப்போயிடும். அதையெல்லாம் திருத்தித்தானே உலகம் முழுக்க இண்டைக்குப் பாவிக்குது?"

அவர் சொன்னது உண்மை. ஆனாலும் சொன்னேன், "அது ஒரு வாளிய வச்சு எல்லா வாளியையும் திருத்தல்லயே சேர். எத்தனையோ வாளிய ஒப்பிட்டுப் பாத்துத்தான் திருத்தினாங்க. எங்கிட்ட ஒரே ஒரு மாசந்தான் இருக்கு."

"நீர் விரும்பினால் விரும்பினபடி செய்யும். ஆனா உம்மட வேலையை யோசியும். நான் உம்மட நன்மைக்குத்தான் சொல்லுறன்."

அவர் என் நன்மைக்குத்தான் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

வீட்டுக்கு வந்து அந்தத் திருத்தத்தைச் செய்து பார்த்தேன். செய்து பார்க்காமல் இருக்க முடியவில்லை. பதினொரு மாதத்துக்கும் வித்தியாசத்தைக் கூட்டியதும் கோடுகள் எழும்பி, செய்மதியின் கோட்டோடு போய் ஒட்டிக்கொண்டன. அவ்வளவு அழகான படத்தை நான் அதுவரை வரைந்ததில்லை. கூட்டத்தில் காட்டினால் ஒருவரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். அம்மா பின்னால் நின்று பார்த்து, "இது நல்லா இருக்கே" என்றார்.

நல்லாத்தான் இருந்தது. ஆனால் செய்மதி சொல்வதையே நானும் சொல்வதற்காக ஒரு வருடம் விடியலில் எழும்பித் துறைக்குப் போகத் தேவையில்லை. அந்தத் துண்டுக் கடலைப் பற்றி யாருக்கும் தெரியாது என்பதற்காகத்தான் நான் போனேன். தெரியாததை இன்னும் தெரியாது என்று சொல்லிவிடலாம். தெரிந்ததாகக் காட்டிவிட்டால், பிறகு அதை யாரும் அளக்கவே வரமாட்டார்கள். முடுக்குக்காரர்களிடம் அம்மா சொல்லும் அந்த ஒரு வசனத்தையும் நினைத்தேன். கடல அளக்குறா. அளக்காத பதினொரு மாதத்தை அளந்ததாக எழுதினால் அந்த வசனம் பொய்யாகிவிடும். படத்தை அழித்தேன். அழித்தபிறகு பெருமையாக ஒன்றும் இருக்கவில்லை.

கூட்டத்தில் எல்லாரும் ஆங்கிலத்தில் கதைத்தார்கள். என் முறை வந்ததும், இருபது மீற்றருக்குக் கீழே உள்ள அளவுகள் மட்டும் செல்லும், மேல் இருபது மீற்றர் கடைசி மாதம் தவிரச் செல்லாது, காரணம் இது என்று ஐஸ் பெட்டி வரை எல்லாவற்றையும் சொன்னேன். தலைவராக இருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார். அப்படியானால் மொத்த வெப்பம் எவ்வளவு என்று கேட்டார். சொல்ல முடியாது என்றேன். கூட்டுவதற்கு மேல் பகுதி இல்லை. அப்படியானால் ஒரு வருடமாக என்ன செய்தீர்கள் என்று கேட்டார். கீழ்ப் பகுதியை அளந்தேன் என்றேன். மூலையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். படகில் போய்ப் பார்த்திருந்தால் முதல் மாதமே தெரிந்திருக்குமே என்று இன்னொருவர் சொன்னார். என்னை ஏன் ஏற்றவில்லை என்பதை நான் விளக்கத் தொடங்கியதும், அது நேரத்துக்குள் அடங்காது என்று தலைவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

அவர்களுடைய முடிவு அன்று பின்னேரம் வந்தது. திட்டத்தை நிறுத்தவில்லை. கீழ்ப் பகுதி பயன்படும், மேல் பகுதியை ஆரம்பத்திலிருந்து திரும்ப அளக்க வேண்டும். என் வேலை நிரந்தரமாகவில்லை, இன்னும் ஒரு வருடத்துக்குத் தற்காலிகம். மேலதிகாரி என்னைத் தாண்டிப் போகும்போது, "நான் சொன்னனான்" என்று மட்டும் சொன்னார். அடுத்த நாள் சிற்றுண்டிச்சாலையில் ஒருவன் என் மேசைக்கு வந்து, "மிஸ், தண்ணிக்கு ஐஸ் போடவா?" என்று கேட்டான். அந்தப் பகிடி கனநாள் ஓடியது. இன்றைக்கும் சிலர் என்னை ஐஸ் மிஸ் என்றுதான் சொல்கிறார்கள், நான் இல்லை என்று நினைக்கும்போது.

வீட்டில் அப்பா, "நீ உண்மையச் சொன்னதுக்கு அவனுங்க ஏன் தண்டன குடுக்கிறானுங்க?" என்று கேட்டார். தண்டனை இல்லை, அது நியாயம்தான் என்றேன். அவர் நம்பவில்லை. நானும் முழுமையாக நம்பவில்லை.

அடுத்த மாதம் துறைக்குப் போனேன். படகுக்காரரிடம், இனிக் கருவி ஐஸ் பெட்டிக்குள் போகக் கூடாது என்றேன். இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் முதலில் அதைக் கயிற்றில் கட்டிப் படகுக்குப் பக்கத்தில் நீருக்குள் தொங்கவிட வேண்டும், ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கும் நேரம் அப்படியே விட வேண்டும், பிறகுதான் கீழே இறக்க வேண்டும்.

அவருடைய முகம் மாறிவிட்டது. "ஒரு வருஷமா எவ்வளவு கவனமா வச்சிருந்தன் மிஸ். மீனுக்குக் குறைச்சிக்கூட இதுக்கு ஐஸ் வச்சிருக்கன்."

"தெரியும். ஒங்கள குத்தம் சொல்லல்ல."

"இல்ல, சொல்றீங்க. மொகத்துல இருக்கு."

"நான் வந்து பாத்திருந்தா மொத நாளே தெரிஞ்சிருக்கும்" என்றேன். சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டே சொன்னேன்.

அவர் கயிற்றைச் சுருட்டி முடித்தார். "அதுக்கும் இதுக்கும் என்ன மிஸ்" என்றார் கடைசியில், மெதுவாக. ஏறச் சொல்லவும் இல்லை. எஞ்சினைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். நான் அலைதாங்கிக் கல்லில் உட்கார்ந்து, படகு புள்ளியாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் திரும்பி வந்ததும் வீட்டுக்குப் போகும்வரை பொறுக்க முடியவில்லை. மீன் கூறுபோடும் சீமெந்துத் திட்டில் ஈரத்தைத் துடைத்து, மடிக்கணினியை வைத்து அங்கேயே திறந்தேன். படகுக்காரர் கை கழுவிக்கொண்டு வந்து பின்னால் நின்றார். இறங்கிய கோடும் ஏறிய கோடும் ஒன்றன் மேல் ஒன்று கிடந்தன. மேல் இருபது மீற்றர் நேராக, சூடாக இருந்தது. செய்மதி சொன்னதைவிடவும் கொஞ்சம் கூடவே சூடு. நான் கேட்டது சரியான அளவு. கிடைத்துவிட்டது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட ஒன்றும் இல்லை. நிரந்தரமாவதற்கு இன்னும் பதினொரு மாதம் வர வேண்டும்.

"சரியா மிஸ்?"

"சரி."

"அப்ப கடல் குளிரு இல்லையா?"

"இல்ல. நல்ல சூடு."

அவர் திரையை இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். "அப்ப முந்தின கணக்கு நல்லா இருந்திச்சிதானே மிஸ், அதுல கடல் குளிரா இருந்திச்சே" என்றார், உண்மையான கவலையோடு.

நான் கணினியை மூடிவிட்டு, கருவியை நல்ல தண்ணீரில் கழுவுவதற்குக் குழாயடிக்குப் போனேன்.